சந்தனம் கலையாத சல்லடை

ஜென்சி பானுமதியின் ஸ்ரீரங்கத்து வீட்டுக்குள் நுழைந்ததுமே உடைந்துவிட்டாள். "அம்மா, எங்க வீட்டுக்காரரைத் திருடன்னு சொல்லி வேலையை விட்டு நிறுத்திட்டாங்க. நீங்கதான் உண்மையைக் கண்டுபிடிச்சுத் தரணும்."

மருந்து ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்ற பானுமதி அவளை உட்காரவைத்து நிதானமாகக் கேட்டார். பக்கத்தில், காதைத் தீட்டிக்கொண்டு மருந்துக்கடை நஸ்ருல்லா.

திருவெறும்பூர்ப் பக்கம் தர்மராஜின் சின்ன மாத்திரைக் கம்பெனி. மருந்தை அரைக்கிற மில் ஜென்சியின் கணவன் பெனடிக்ட்டின் பொறுப்பு. ஆயுத பூஜை முடிந்து தயாரான வலிப்பு மாத்திரையை, கரைகிறதா என்று சோதிக்காமல் அவசரமாகக் கடைகளுக்கு அனுப்பியிருந்தார்கள். அதைச் சாப்பிட்டும் வலிப்பு வந்து விழுந்த சமயபுரத்துப் பூக்காரி ஒருத்தி, பாவம், மண்டை உடைந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். பெனடிக்ட் மருந்தைத் திருடிவிட்டுச் சுண்ணாம்பைக் கலந்தான் என்றார் முதலாளி.

ஜென்சி போனதும், "திருட்டேதான், சந்தேகமே இல்லை" என்றான் நஸ்ருல்லா.

"மாத்திரையைச் சோதிச்ச லேப்ல, மருந்து அளவு குறையலைன்னு சொல்லிட்டாங்கன்னு ஜென்சி சொன்னாளே. அப்புறம் எங்க திருட்டு?" நஸ்ருல்லாவின் கடைக்கு வந்திருந்த அந்த மாத்திரைகளில் ஒன்றைப் பானுமதி தண்ணீரில் போட்டார். அது உடைந்தது, ஆனால் அடியில் குருணை தங்கியது. விரலில் தேய்த்த நஸ்ருல்லாவுக்கு நறநறவென்றது.

"கல்கண்டும் சர்க்கரையும் ஒரே எடையில போடுறோம்னு வச்சுக்க. எது சீக்கிரம் கரையும்? கரையாத மருந்து ரத்தத்துல எப்படிச் சேரும்?"

மறுநாள் கம்பெனியில் பெனடிக்ட், ஜென்சி உட்பட எல்லோரையும் கூட்டிவைத்து மில்லைத் திறக்கச் சொன்னார். உள்ளே பெரிய ஓட்டைகள் உள்ள சல்லடை; அதில் மருந்து குருணையாகத்தான் விழும். மாட்டியிருக்க வேண்டிய சின்ன ஓட்டைச் சல்லடையோ பூஜை அலமாரியில், சந்தனமும் குங்குமமும் கலையாமல்.

"கழுவாம இதை மில்லுல மாட்ட முடியாது. அப்போ பூஜைக்கு அப்புறம் இது மாட்டப்படவே இல்லை. விஜயதசமி அன்னைக்கு மில்லை ஓட்டினது யாரு?"

தர்மராஜ் முன்னால் வந்தார். "நான்தாங்க. அன்னைக்கு முதல் பிடி மருந்தை முதலாளியே அரைக்கிறது எங்கப்பா காலத்து வழக்கம். பூஜையில வச்சதை உடனே கழுவ மனசு வரலை. முதல் பிடிக்கு மட்டும்னு பழைய சல்லடையைப் போட்டேன். மாத்த மறந்தே போயிட்டேன்!"

"நீங்க திறந்து பாக்கலையா, பெனடிக்ட்?" நஸ்ருல்லாவுக்குத் தாங்கவில்லை.

பெனடிக்ட் தலைகுனிந்தான். "முதலாளி சாமி கும்பிட்டு, பொட்டு வச்சு மூடினது. வேதக்காரன் நான், சர்ச்சுக்குப் போறவன், கை வச்சா சங்கடப்படுவாரோன்னு விட்டுட்டேங்க."

"அட, நான் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேனே!" என்றார் தர்மராஜ்.

"திருடன்னு சொல்றதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றாள் ஜென்சி. தர்மராஜால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அவரைவிட நஸ்ருல்லாவுக்குத்தான் வெட்கம் பிடுங்கித் தின்றது. அவனும்தானே திருடன் என்றான்! மாத்திரைகளைத் திருப்பி வாங்கக் கடை கடையாகப் போன் செய்யத் தொடங்கினான்.

தர்மராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டு சல்லடையைக் கழுவ எடுத்தார். பெனடிக்ட் அதை அவர் கையிலிருந்து மெல்ல வாங்கி ஓரமாக வைத்தான்.

"இது அப்புறம் ஆகட்டுங்க. வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம். அந்தப் பூக்காரம்மாகிட்ட நடந்ததை நாம ரெண்டு பேரும்தான் சொல்லணும்."