தாழ்ப்பாள் போடாத வீடு

மெர்சி தட்டுவதற்குக் கையைத்தான் ஓங்கினாள்... கதவு தானாகத் திறந்துகொண்டது.

ஏரிக்கரைத் தெருவின் கடைசி வீடு அது. வீடு கட்டிய வரிசையில் பஞ்சாயத்து கொடுத்த எண் பதினான்கு. ஒரு பக்கம் புளியந்தோப்பு, மறுபக்கம் ஏரி. அக்கம்பக்கம் என்று சொல்லிக்கொள்ள ஒரு குடித்தனம் கிடையாது. பொழுது சாய்ந்தால் சுங்குவார்சத்திரத்தில் யாரும் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார்கள். பல வருஷங்களுக்கு முன் இங்கே கிளியம்மாள் என்று ஒரு பெண் இருந்தாள். கல்லூரியிலிருந்து அவளுக்கு வந்த கடிதத்தை வீட்டிலேயே ஒளித்துவிட்டார்களாம். அது தெரிந்த அன்று ஏரிக்குப் போனவள் திரும்பவில்லை. அதிலிருந்து வீடு பூட்டியே கிடந்தது... கிடக்கிறது என்றுதான் மெர்சியும் நினைத்திருந்தாள்.

மழை வலுத்தது. வாசற்படியில் ஈரமான வெறுங்கால் தடங்கள். சின்னப் பாதங்கள். உள்ளே போயிருந்தன... வெளியே வந்த தடம் இல்லை.

'ஓடிடுடி' என்றன கால்கள். 'காலேஜ் கார்டு?' என்றது மனசு.

எல்லாம் அவளே தேடிக்கொண்ட வினை. இந்த வருஷம், தொண்ணூற்றொன்றில், ஜனத்தொகைக் கணக்கெடுக்க வந்த வாத்தியார், இதே தெருவின் மறுமுனையில் இருந்த அவள் வீட்டுக் கதவில் காவியால் கொட்டை எழுத்தில் 14 என்று எழுதிவிட்டுப் போனார். காஞ்சிபுரம் கல்லூரிக்கு விண்ணப்பம் எழுதியபோது மெர்சி நிமிர்ந்து பார்த்தாள், அதையே முகவரியில் எழுதினாள், அனுப்பியும் விட்டாள். நேற்றைய மழையில் காவி கரைந்து, படியில் ரத்தம்போல் வழிந்தபோதுதான், மேலே துருப்பிடித்த பஞ்சாயத்துத் தகடு கண்ணில் பட்டது. 37. பிறந்ததிலிருந்து அங்கேயே இருக்கும் தகடு! கணக்கில் நூற்றெண்பது வாங்கிய மூளைக்குச் சொந்த வீட்டு எண் தெரியவில்லை.

தபாலுக்குப் பஞ்சாயத்து எண்தான் செல்லும். அந்தக் கணக்கில் பதினான்கு இந்தப் பேய் வீடு. பழைய தபால்காரர் விடுப்பில். பதிலுக்கு வந்தவருக்கு எண் தெரியும், ஆள் தெரியாது.

அப்பா தாவீது கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "காலேஜ்ல கூப்ட்டா போ. கூப்டலன்னா அத்த மவனுக்குக் கல்யாண ஓலை வாசிக்கச் சொல்லிடுவேன். கோயில்ல ஓலை வாசிச்சா அப்பால பேச்சு கெடையாது."

அத்தை மகனை நினைத்தாள். பேயே தேவலை என்று உள்ளே கால் வைத்தாள்.

கரண்ட் இல்லை. இருட்டுக்குள்ளிருந்து ஒரு சிம்னி விளக்கு மிதந்து வந்தது. அதற்கு மேலே... இரண்டு கண்கள். பெரிய, கருத்த, மழையில் நனைந்த நாவற்பழம் மாதிரிக் கண்கள். பயத்திலும் அதைக் கவனித்த தன் புத்தியை மெர்சி மனசுக்குள்ளேயே தலையில் அடித்துக்கொண்டாள்.

"கிட்ட வராத!" என்று அலறினாள்.

"நீ வராத!" கண்களுக்கு அவளைவிடப் பெரிய குரல். வலது கையில் ஓர் எலுமிச்சம்பழம், எறிகுண்டுபோல் ஓங்கியிருந்தது.

"யாரு நீ? இது பேய் வூடாச்சே!"

"நான் குடியிருக்கிற வூடுமா! தலைய விரிச்சிப் போட்டுக்கினு, வெள்ளையா வந்து நிக்கிறது நீயி. எங்க, காலக் காட்டு!"

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக் கட்டிய வெள்ளைத் தாவணி. அது பேய்க்கும் சீருடை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பாவாடையை ஒரு விரல் உயர்த்தினாள். "பாத்துக்கோ. சேறு. செருப்பு வாரு அந்து ஊக்கு போட்டுக்கீறேன். எந்தப் பேய் ஊக்கு போடும்?"

அவன் குனிந்து பார்த்தான். நிமிர்ந்தபோது கண்களில் பயம் பாதிதான் மிச்சமிருந்தது. மறுபாதியில்... வேறென்னவோ.

"பேரு?"

"மெர்சி."

எலுமிச்சம்பழம் கீழே விழுந்து உருண்டது.

அவன் பெயர் ரகுபதி. ஆற்காட்டுக்காரன், பத்து நாளுக்கு முன் குடிவந்தவன். ஒரகடம் பக்கத்துக் கம்பெனியில் இரவு ஷிஃப்ட், பகலெல்லாம் தூக்கம். அதனால்தான் இந்த வீட்டில் ஆள் இருப்பது ஊருக்குத் தெரியவில்லை. சாமி படத்தடியிலிருந்து அவன் எடுத்து வந்த கார்டின் நான்கு மூலையிலும் மஞ்சள். மேலே ஒரு வேப்பங்கொத்து.

"டீக்கடைல, பேரு சொல்லாம, அந்த ஏரிப் பொண்ணோட காலேஜ் கதையச் சொன்னாங்க. மறுநாளே காலேஜ்லேருந்து பொண்ணு பேருக்குக் கார்டு... நான் இன்னான்னு நெனைக்கிறது?"

மெர்சி தேதியைப் பார்த்தாள். நேர்காணல் நாளைக் காலை.

"ஒரு வாரமா இதுக்குக் கற்பூரம் காட்டிக்கினா இருந்த? போஸ்ட்மேன்கிட்ட திருப்பிக் குடுத்திருக்கலாம்ல? எம் படிப்பு உனக்குப் பேய் வெளையாட்டா? உன் மூஞ்சியிலயே இனிமே முழிக்க மாட்டேன்!"

அழுகையை மறைக்க மழை உதவியது. திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். முதுகில் அந்த நாவற்பழக் கண்கள் தெருமுனைவரை வந்ததாகத் தோன்றியது. கூடவே, ஏரிப் பக்கமிருந்து இன்னொரு ஜோடியும்...

மறுநாள் கல்லூரியில் நேர்காணல் நடத்திய அம்மா கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதென்னம்மா, கல்யாணப் பத்திரிகையா?" மெர்சிக்குக் காதுவரை சிவந்தது. ஆனால் இடம் கிடைத்துவிட்டது.

சாயங்காலம் சத்திரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினால், டீக்கடை ஓரமாக, யூனிஃபார்மில், தூறலில் நனைந்துகொண்டு அவன்.

பேசக்கூடாது என்றுதான் இருந்தாள். ஒன்பது எட்டு நடந்தாள். பத்தாவது எட்டு திரும்பிவிட்டது.

"சீட்டு கெடச்சிது."

அவன் முகம் விளக்கேற்றினதுபோல் மலர்ந்தது. பின்னாலேயே கம்பெனி பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போயிற்று. அவன் ஏறவில்லை.

"பஸ்ஸு போவுதுங்க..."

"போவட்டும். ஒண்ணு சொல்லணும். அந்தக் கார்ட நான் திருப்பிக் குடுக்காதது பயத்துல இல்ல. அந்தப் பேர ஒரு வாரமா படிச்சிக்கினே இருந்தேன்... பேயாவே இருந்தாலும் பரவால்ல, அவ கார்ட அவ வந்து வாங்கிக்கட்டும்னு தெனம் கதவத் தாழ் போடாமயே வெச்சிருந்தேன். நீ வந்த. இப்பவும் தாழ் போட மனசு வரல, மெர்சி. நீ மறுபடி வரணும்..."

மெர்சி அவனை நிமிர்ந்து பார்த்தாள். பேயென்று நினைத்தும் கதவைத் திறந்து வைத்த பைத்தியம்! இந்தக் கண்களுக்கா நேற்று அத்தனை ஏச்சு?

"பக்கத்து வூட்டு அக்காவும் அதான் சொன்னாங்க" என்றான் வெட்கத்தோடு. "தெனம் மத்தியானம் பின்சுவராண்ட வருவாங்க. 'அவ வருவா தம்பி... இதையாச்சும் ஒளிக்காம குடு'ன்னு."

அந்த வீட்டுக்குப் பக்கத்து வீடே கிடையாது.

"எந்த... பக்கத்து வூடு?"

"தெரியல. ஏரில குளிச்சிட்டு வருவாங்க போல. தலை எப்பவும் ஈரமாவே இருக்கும்."

நேற்று அவள் எதிரில் நின்ற ரகுபதியின் கால்கள் காய்ந்திருந்தன. பெரிய பாதங்கள்.

தூறலுக்குள் ஏரி மங்கலாகத் தெரிந்தது. ஓடத்தான் தோன்றியது. ஆனால் கைப்பையில் அந்த மஞ்சள் கார்டு... யாரோ கையைப் பிடித்து வைத்ததுபோல் கதகதப்பாக இருந்தது. மெர்சி ஏரியைப் பார்த்து மெல்லத் தலையசைத்தாள். பிறகு அவன் கண்களைப் பார்த்தாள்.

"இனிமே தாழ் போட்டுக்கோங்க. நான் தட்டித்தான் வருவேன்... தெனம் வருவேன்."

அவன் சிரித்தான். அவளும் சிரித்து, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"தட்டாம வந்தா... அது அந்த அக்கா. பயப்படாதீங்க. நமக்கு வேண்டியவங்கதான்."