தாழம்புதரிலிருந்து ஒரு பதில்

தண்ணீர்ப் பானையில் டம்ளரை விட்டபோது ஏதோ மெல்ல உடைந்தது. சந்திரமதி குனிந்து பார்த்தாள். தண்ணீரின் மேல் கண்ணாடிபோல ஓர் ஆடை. இந்தத் தீவுக்கு வரும் வழியில் அபர்டீன் பஜார் மீன்கடையில், மரத்தூளுக்குள் பொதிந்து வைத்திருந்த பனிக்கட்டியை அவள் ஒரே ஒருமுறை தொட்டிருக்கிறாள். ஆனால் இது கேம்பல் பே. உடம்பில் வியர்வை காயாத ஊர். விரல் படுவதற்குள் அந்த ஆடை கரைந்துவிட்டது. காய்ச்சல்தான் இப்படியெல்லாம் காட்டுகிறது என்று நினைத்துக்கொண்டு குடித்தாள். காலையிலிருந்து கட்டியிருந்த தொண்டையில் தண்ணீர் ஊசியாய் இறங்கியது.

வெளியே அவள் கணவர் ராஜமாணிக்கம் வாய்க்காலுக்குள் இறங்கிவிட்டார். பட்டாளத்திலிருந்து வந்தவர்களுக்கு சர்க்கார் நிலம் கொடுத்த இடம் அது. எல்லா வீடுகளைச் சுற்றியும் மழைத்தண்ணீர் ஓட முழங்கால் ஆழத்தில் வாய்க்கால் உண்டு. அவர் வெட்டியது மட்டும் மார்பு ஆழம். பொழுது மங்கும் நேரம்தான் எதிரி வரும் நேரம் என்று பட்டாளத்தில் பழக்கியிருந்தார்கள். தினமும் அந்த நேரத்தில், பன்றி விரட்ட சர்க்கார் கொடுத்த துப்பாக்கியோடு அதற்குள் நின்று, எதிரே இருக்கும் தாழம்புதரைப் பார்த்துக் கத்துவார்.

"தம்! கோன் ஆத்தா ஹை?"

நில், யார் வருவது? காவலில் நிற்பவன் கேட்கிற கேள்வி. 'தோஸ்த்', அதாவது நண்பன், என்று பதில் வரவேண்டும். மூன்று முறை கேட்டும் வராவிட்டால் சுடவேண்டும். ஓடினாலும் சுடவேண்டும். வடக்கே பனிமலையில் அவர் அப்படித்தான் கேட்டார். பதில் இல்லை. விடிந்து போய்ப் பார்த்தால் கோவிந்தராஜ். ஒரே தட்டில் சாப்பிட்டவன்.

"குளிர்ல பல்லு கிட்டிப்போச்சு சந்திரா. வாயத் தொறக்க முடியல அவனுக்கு. எப்படிப் பதில் சொல்லுவான்?"

அவர் அவளிடம் அழுதது அந்த ஒருமுறைதான்.

போன மழைக்கு முன்னால் பக்கத்து வீட்டு ஜெயலட்சுமியின் ஆடு பதில் சொல்லவில்லை. சுட்டுவிட்டார்.

"என்னக்கா, இனிமே என் ஆட்டுக்கும் இந்தி கத்துக்குடுக்கணுமா?" என்று வேலிக்கு அந்தப்பக்கம் நின்று கத்தினாள் ஜெயலட்சுமி.

மறுநாளே சந்திரமதி சர்க்கார் ஆபீசுக்கு நடந்தாள்.

"கை கால் நல்லாத்தானம்மா இருக்கு?" என்றார் கிளார்க் பக்தவத்சலம்.

"தூங்க மாட்டேங்கிறாரு சார். அந்தத் துப்பாக்கியையாவது திருப்பி வாங்கிக்கிடுங்க."

"அப்புறம் வெள்ளாமையப் பன்னி தின்னுடுச்சுன்னு இங்கதான் வந்து நிப்பீங்க. கால் போனவனுக்கு ரூல் இருக்கு. கண்ணு போனவனுக்கு இருக்கு. இத எந்த ரூல்ல எழுதறது? மெயின்லேண்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

"கப்பல் எப்ப சார்?"

"வந்தா தெரியும்."

டாக்டர் தூக்க மாத்திரை கொடுத்தார். காவலில் இருப்பவன் தூங்கலாமா என்று ராஜமாணிக்கம் அதை வாய்க்காலில் எறிந்தார்.

எரிச்சலில்தான் அவள் அதைச் செய்தாள். பின்வாசல் வழியாகச் சுற்றிப்போய், தாழம்புதருக்குள் மழையில் நனைந்தபடி நின்று, அவர் கேட்டதும் "தோஸ்த்" என்று கத்தினாள்.

அவர் தலையைச் சாய்த்துக் காது கொடுத்தார். பிறகு துப்பாக்கி தாழ்ந்தது.

"ஆகே படோ" என்றார். முன்னே வா. குரல் உடைந்திருந்தது.

அவள் வந்த வழியே வீட்டுக்கு ஓடிவந்துவிட்டாள். அன்று அவர் வயிறாரச் சாப்பிட்டுப் பாயில் படுத்துத் தூங்கினார். ஆபீசும் டாக்டரும் செய்யாததை ஒரு சொல் செய்துவிட்டது. அதன்பிறகு தினமும் போனாள். புதருக்குள் நிற்கும்போது தன் கழுத்துக்குப் பின்னால் ஈரக் கம்பளி நாற்றம் வருவதையும், அந்தப் பக்கம் மட்டும் சில்லென்று இருப்பதையும் மழையின் கணக்கில் எழுதிக்கொண்டாள். அவர் 'முன்னே வா' என்றதும் தான் ஓடிவந்துவிட, முன்னே போவது யார் என்று அவள் யோசித்ததேயில்லை.

இன்று எழுந்து நடக்கத் தெம்பில்லை.

"தம்! கோன் ஆத்தா ஹை?"

சந்திரமதி அடுப்படியிலிருந்தே பதில் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

"தோஸ்த்."

புதரிலிருந்து. தெளிவாக. அவளுடைய குரல்.

அவள் தொண்டையைப் பிடித்துக்கொண்டாள். மறுபடி முயன்றாள். ஒன்றுமில்லை.

"ஆகே படோ."

தாழை இலைகள் விலகும் ஓசை. சேற்றில் பூட்ஸ் அழுந்தும் ஓசை. அந்தக் கம்பளி நாற்றம் வீட்டுக்குள் வந்தது. விளக்குச் சுடர் ஊசியளவு சுருங்கியது.

"வா கோவிந்தா. உக்காரு" என்றார் ராஜமாணிக்கம், வெளியே.

அவள் சுவரைப் பிடித்தபடி வாசலுக்கு வந்தாள்.

வாய்க்காலுக்குள் அவர் அருகில் ஒருவன். கனத்த கோட்டு. புருவமெல்லாம் வெள்ளை. பல் கிட்டிய வாய். அந்த வாய் அசையவேயில்லை. ஆனாலும் அதிலிருந்து அவள் குரல் மெதுவாக, அக்கறையாகச் சொன்னது:

"பின்னாடி யாரோ நிக்கிறாங்க."

ராஜமாணிக்கம் திரும்பினார். விளக்கு அவளுக்குப் பின்னால் இருந்தது. அவருக்குத் தெரிந்தது ஒரு கறுப்பு உருவம்.

"தம்! கோன் ஆத்தா ஹை?"

நான்தாங்க. சந்திரா.

சத்தம் வரவில்லை.

"கோன் ஆத்தா ஹை?"

ஓடக்கூடாது. ஓடினால் சுடுவார். தோஸ்த். ஒரு சொல். ஒரே ஒரு சொல்.

பற்கள் ஒன்றோடொன்று கிட்டிக்கொண்டன.

துப்பாக்கி உயர்ந்தது. அவர் கண்ணில் தண்ணீர் வழிந்தது.

"சொல்லித் தொலைடா" என்று கெஞ்சினார். பிறகு மூன்றாவது முறையும் கேட்டார்.

அவள் மூக்கிலிருந்து வெண்மையாக, புகைபோல, மூச்சு மட்டும் கிளம்பி மேலே போயிற்று.