இன்னும் ஓர் அடுக்கு

அன்று காலை சன்னல் வழியே தெரிந்த மனிதர்களுக்குக் கணுக்கால்கள் மட்டுமே இருந்தன.

தையல்காரி மெஷினை மிதிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். கொஞ்ச நாள் முன்புவரை முழங்கால் தெரிந்தது. போன மழைக்கு முன்னால் இடுப்பு. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த புதிதில், தெருவில் போகிறவர்கள் அண்ணாந்து பார்த்துத்தான் அவளோடு பேசுவார்கள். வாசலுக்குப் படியேறி வரவேண்டும். பிறகு ஊர் பெருத்தது. எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து இறங்கிக்கொண்டே இருந்தார்கள், இரண்டு பக்கமும் மாடிமேல் மாடி எழும்பியது, அத்தனை பேரையும் சுமந்த வண்டிகளின் கனம் தாங்காமல் ரோடு பிளந்தது, பிளந்ததைச் சுரண்டி எடுக்க நேரமில்லாமல் அதன் மேலேயே புது ரோடு போட்டார்கள், அதற்கும் மேலே இன்னொன்று. படிகள் ஒவ்வொன்றாக மண்ணுக்குள் போயின. இப்போது வீட்டுக்குள் வர இறங்க வேண்டும். துணி தைக்கக் கொடுப்பவர்கள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து சன்னல் கம்பிக்குள் பையை நீட்டி, "அக்கா, இருக்கீங்களா?" என்று கிணற்றை எட்டிப் பார்ப்பதுபோலக் கேட்பார்கள். "எங்க போயிடப் போறேன்" என்பாள். ஆரம்பத்தில் அது வேடிக்கைப் பேச்சாகத்தான் இருந்தது.

அவள் கணவர் ரோடு ரோலர் ஓட்டுகிறவர். வாசலில் கிடக்கும் அத்தனை அடுக்கையும் அமுக்கியது அவர்தான். "சொந்த வீட்டையே அமுக்கற மனுஷன்" என்று அக்கம்பக்கத்தில் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார்.

கணுக்கால்கள்கூடப் பரவாயில்லை. அவளை உறுத்தியது ஒரு வாசனை. நீர் தெளித்த பருத்தித் துணியின் மேல் சூடான இரும்பு போகும்போது எழுமே, அந்த ஆவி வாசனை. கூடவே லேசாகக் கரிப்புகை. அது இஸ்திரிக்காரரின் வாசனை. எதிர்வரிசையில் இருந்த அவர் வீடு இவள் வீட்டைவிடத் தாழ்வு. ரோட்டை அகலப்படுத்தியபோது மேலே ஜல்லி கொட்டித் தார் ஊற்றியாகிவிட்டது. இப்போது அங்கே பஸ் நிற்கிறது. புருஷனும் பெண்டாட்டியும் மகள் வீட்டுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். சாமான் ஏற்றியதை யாரும் பார்க்கவில்லை. யாரும் கேட்கவுமில்லை. அவளும்தான் கேட்கவில்லை.

வாசனை மூலையில் கூடுதலாக இருந்தது. மண்டியிட்டுத் தரையில் காதை வைத்தாள். மேலே வண்டிகளின் உறுமல். அதற்கும் அடியில், வெகு நிதானமாக, மேசைமேல் இஸ்திரிப் பெட்டி பொத்தென்று விழும் சத்தம். இழுபடும் சத்தம். மறுபடி பொத். பிறகு ஒரு பெண்ணின் இருமல். அந்த இருமலை அவளுக்குத் தெரியும்.

மதியம் கணவர் சாப்பிட வந்தார். அவர் சட்டையில் தார் நெடி.

"ஏங்க, இஸ்திரிக்காரர் நிஜமாவே மக வீட்டுக்குத்தான் போனாரா?"

"போகலை."

"அப்புறம்?"

"அன்னைக்கு உள்ளதான் இருந்தாங்க. ஹாரன் அடிச்சுப் பார்த்தேன். துணியெல்லாம் மடிச்சிட்டு வந்துடறோம்னாரு. பின்னாடி வண்டிங்க வரிசையா நிக்குது, மேஸ்திரி கத்தறாரு."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"ஓட்டினேன்." அவர் தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கொஞ்ச நாள் தட்டிக்கிட்டே இருந்தாங்க. அப்புறம் பழகிட்டாங்க போல."

அழுகை வரும் என்று அவள் காத்திருந்தாள். வரவில்லை. அடுப்பை அணைத்தோமா என்ற யோசனைதான் வந்தது.

"நம்ம பக்கம் எப்போ?"

"இன்னைக்கு. பொழுது சாயறதுக்குள்ள முடிச்சாகணுமாம்."

"எங்கயாவது போயிடலாமே."

"எங்க?" என்றார். அவருக்கும் அது தெரிந்தாகவேண்டும் என்பதுபோல இருந்தது அந்தக் கேள்வி. அவள் யோசித்தாள். தன் மகள் இருக்கும் ஒற்றை அறையில் ஆட்கள் முறைவைத்துத் தூங்குகிறார்கள். கொழுந்தனார் மாடிப்படிக்கு அடியில் குடித்தனம் நடத்துகிறார். மனசுக்குள் ஊரைச் சுற்றி வந்தாள். கால் வைக்க ஓரிடம் அகப்படவில்லை.

"நம்ம வீட்டுக்கிட்ட வரும்போது நிறுத்திடறேன்," என்றார் அவர். "சொல்லி வச்சிருக்கேன்."

"யார்கிட்ட?"

அவர் கையைக் கழுவிக்கொண்டு, நிலையில் இடிக்காமல் குனிந்து வெளியே போனார்.

அவள் கிளம்பியிருக்கலாம். செருப்பைக்கூட மாட்டினாள். வாசல்வரை போய் நின்றாள். மெஷினில் ஒரு சட்டைக் கை பாதி தைத்தபடி தொங்கியது. அதை முடித்துவிடலாம் என்று திரும்பி வந்தாள். முடித்ததும் மற்றொரு கை. வெளியே லாரி பின்னோக்கி வரும் சத்தம் கேட்டபோதும் அவள் கால் மிதித்துக்கொண்டுதான் இருந்தது.

ஜல்லி கொட்டியது. மழை போல ஆரம்பித்து, மலை சரிவதுபோல முடிந்தது. கதவைத் தள்ளிப் பார்த்தாள். அசையவில்லை.

அப்புறம் தார். கொதிக்கிற தார். கண் எரிந்தது. சன்னல் கம்பியில் ஒரு கறுப்புச் சொட்டு நீளமாக இறங்கியது.

அப்புறம் ரோலர்.

அலமாரிப் பாத்திரங்கள் நடுங்கின. தரை நடுங்கியது. சன்னலில் மிச்சமிருந்த ஒரு கை அகல வெளிச்சத்தில் இரும்புச் சக்கரம் வந்து நின்றது. கணவர் இருக்கையிலிருந்து சாய்ந்து குனிந்து பார்த்தார். அவள் தெரிந்தாள் அவருக்கு. நன்றாகவே தெரிந்தாள். தொண்டையில் குரல் இருக்கிறதா என்று அவள் தேடினாள். அவர் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார். ஒரு நிமிஷம் பொறு என்று வீட்டில் சொல்வாரே, அதே விரல்.

பின்னால் யாரோ கத்தினார்கள். வண்டிகளின் ஹாரன்.

விரல் இறங்கியது.

சக்கரம் நகர்ந்தது.

வெளிச்சம் நூலானது. நூலும் போனது.

தலைக்கு மேலே போனது. வந்தது. போனது. பிறகு அதன் மேல் பஸ்கள்.

எத்தனை நேரமென்று தெரியவில்லை. பல்பு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. அவள் நாற்காலியில் இருந்தாள். பசிக்கவில்லை. பயமாகவும் இல்லை. கைகள் யாருடையவோ போல மடியில் கிடந்தன.

சமையல்கட்டுச் சுவரில் சுரண்டும் சத்தம்.

காரை உதிர்ந்தது. ஒரு செங்கல் உள்ளே நகர்ந்து விழுந்தது. இன்னொன்று. துளையில் விரல்கள் தெரிந்தன. நகமில்லாத விரல்கள். அவை சுவரின் இந்தப் பக்கத்தை மெதுவாகத் தடவிப் பார்த்தன. பின் ஒரு முகம். ஆணா பெண்ணா தெரியவில்லை. அவள் பார்த்தறியாத முகம். தார் படிந்து, ஈரம் ஏறி, பல்பு வெளிச்சத்துக்கு இமைக்காமல்.

அது தலையைத் திருப்பி, பின்னாலிருந்த இருட்டைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் சொன்னது.

"இங்க கொஞ்சம் இடம் இருக்கு. வாங்க."

அவள் எழுந்து மெஷினைச் சுவரோரம் தள்ளிவைத்தாள்.

துளை பெரிதானது. அதற்கப்பால் நின்றார்கள். தலையில் பாய்ச்சுருள், இடுப்பில் குழந்தை, கையில் வாளி. ஒருவர் பின் ஒருவராக, முண்டாமல், சத்தமில்லாமல், ரோட்டின் நீளத்துக்கு நின்றார்கள். கடைசி ஆள் கண்ணுக்கு எட்டவில்லை. அத்தனை கண்களும் அவள் நின்றிருந்த இடத்தை அளந்துகொண்டிருந்தன.