ஒட்டவைக்காத முகம்

எழுந்து வாருங்கள், படிக்கின்றவரே. ஒரு குற்றம் நடந்திருக்கிறது. கண்ணால் கண்டேன் என்று சொல்ல ஆள் வேண்டும். நடந்த இடம், ஒரு படப்பிடிப்புக் கூடத்தின் ஒப்பனை அறை. ஆயுதம், ஒரு பெண்ணின் சுட்டுவிரல் நகம். குருதி சிந்தவில்லை, கூக்குரல் எழவில்லை... ஆனாலும் அங்கே ஒரு மனிதன் வெறும் பண்டமாக ஆக்கப்பட்டான். செய்தவள் கொடியவள் அல்லள். நல்லவள். நம்மைப் போன்றவள். அதனால்தான் உங்களை அழைக்கிறேன்.

அன்று மழை. தகரக் கூரையின்மேல் அது ஓயாமல் பேசிக்கொண்டிருந்தது. உள்ளே, கண்ணாடிக்கு முன்னால், அவள் ரப்பர்த் தோலை வெட்டிக்கொண்டிருந்தாள். விரல் நுனிகளில் எந்நேரமும் பசை காய்ந்து கிடப்பதால் கூடத்தில் எல்லோரும் அவளைப் ‘பசை’ என்றே அழைத்தார்கள். பேய்ப்படங்களுக்கு முகம் செய்வது அவள் தொழில். இதுவரை பெரியவர்களுக்குத் துணையாகத்தான் செய்திருக்கிறாள். திரையில் அவள் பெயர் வந்ததில்லை. புதிய படத்தின் வில்லனுக்கு முகம் செய்யும் வேலை இப்போது அவளுக்கும் வேறொரு ஒப்பனைக்காரருக்கும் இடையே ஊசலாடிக்கொண்டிருந்தது. மாதிரி முகம் ஒன்றை ஒட்டி, ஓர் ஆளை அன்று கூடத்துக்கு அனுப்புவதாக அந்த ஒப்பனைக்காரர் சொல்லியிருந்தார்.

காத்திருந்த நேரத்தில், ஓரத்தில் உடை தைத்துக்கொண்டிருந்த தையல்கார அக்காவிடம் பசை தன் தரவரிசையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். பேய்ப்பட வில்லன்களில் தனக்குப் பிடித்தவர்கள் யார், யாருக்கு எந்த இடம் என்று விரல் மடக்கினாள். ஐந்தாம் இடம், வாயைத் தைத்துக்கொண்ட பொம்மைக்காரனுக்கு. நான்காவது, ஒற்றைக்கண் தாதி. மூன்றாவது, லிஃப்ட்டுக்குப் பின்னால் நிற்கும் மூக்கில்லாதவன். இரண்டாவது, பள்ளிக்கூடத்துக் கூனன். இந்த இருவரில் யார் மேல் என்பதற்குக் காரணம் அடுக்கினாள், மறுத்தாள், மாற்றினாள்...

“வீட்டுல மாப்ள போட்டோ காட்டுனப்பகூட நீ இவ்ளோ யோசிக்கலயேடி,” என்றாள் அக்கா, வாயிலிருந்த ஊசியை எடுத்துவிட்டு.

“அவங்க யாரும் இந்த அளவுக்கு மனசுல நிக்கலக்கா.”

முதலிடம் கருகிய காவலாளிக்கு. அந்தப் படத்தில் அவன் கன்னத்தின் ஒவ்வொரு சுருக்கத்தையும் ஒட்டியவை அவளுடைய விரல்கள்தாம்.

அப்போது கதவு திறந்தது. மழையோடு ஒருவன் உள்ளே வந்தான். இடப்பக்கக் காது முதல் கழுத்து வரை, உருகி உறைந்ததுபோல் ஒரு தழும்பு. போட்டியாளர் அனுப்பிய ஆள் இவன்தான் என்று அவள் முடிவே கட்டிவிட்டாள். வாயெடுத்துப் பேச அவனுக்கு இடமே தரவில்லை. நாற்காலியில் உட்காரவைத்தாள், முகவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். நிறம் பரவாயில்லை என்றாள். கழுத்துப் பக்கம் நல்ல கைவேலை, ஓரந்தான் சரியாக ஒட்டவில்லை என்றாள். காவலாளியை இறக்கிவிட்டு இவனுக்கே முதலிடம் கொடுக்கலாம் என்று அக்காவைப் பார்த்துச் சிரித்தாள். சிரித்தபடியே, காதின் கீழே நகத்தை வைத்து, அந்த ஓரத்தை உரித்தெடுக்க முயன்றாள்.

வெதுவெதுப்பாக இருந்தது. ரப்பர் அப்படி இருக்காது.

“அது வராதுங்க,” என்றான் அவன். “நானும் இழுத்துப் பாத்துட்டேன்.”

அப்போதுதான் அவன் கண்களைப் பார்த்தாள். இவ்வளவு நேரம் அளந்தாளே, அவற்றைப் பார்க்கவில்லை. மழை விட்ட பிறகு இலையில் தங்கும் நீரைப்போல் தெளிந்த கண்கள். அவற்றில் கோபம் இல்லை... பழக்கம் இருந்தது. கோபமாக இருந்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும்.

அவன் புதிதாக வேலைக்குச் சேர்ந்த லைட்மேன். கண்ணாடியைச் சுற்றியிருந்த பல்புகளில் ஒன்று எரியவில்லை என்று அனுப்பியிருந்தார்கள். எழுந்து அதைக் கழற்றினான், புதியதை மாட்டினான், போய்விட்டான். வெளிச்சம் வந்தது. அதில் பசை தன் முகத்தைப் பார்த்தாள். பார்க்கப் பிடிக்கவில்லை. அக்கா தலை நிமிராமல் தைத்துக்கொண்டே இருந்தாள். பசை குழாயடிக்குப் போய் அந்த ஒரு நகத்தை மட்டும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள்...

அவன் முகம் எப்படி இப்படி ஆனது என்று கேட்பீர்கள். யாரையோ காப்பாற்றப் போய்ச் சுட்டுக்கொண்டான் என்றால்தான் இரக்கப்படுவீர்களா? சிறுவயதில் அடுப்பு வெடித்தது. அவ்வளவே. ஒரு தழும்பு மதிக்கப்படுவதற்கு வீரக்கதை எதற்கு?

மறுநாளும் மழை. ஜெனரேட்டர் கொட்டகையில் அவன் வயர் சுற்றிக்கொண்டிருந்தான். அவள் நனைந்தபடி போய் நின்றாள். சேர்த்துவைத்திருந்த சொற்கள் எல்லாம் வழியிலேயே கரைந்துவிட்டன.

“நேத்து நான்... எப்படிச் சொல்றதுன்னு தெரியல.”

“ஓரம் சரியில்லன்னு சொன்னீங்கல்ல? ஆஸ்பத்திரியிலயும் அதேதான் சொன்னாங்க. உள்ள வந்து நில்லுங்க, நனையறீங்க.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கலாமா என்ற வெட்கம் அதைவிட வேகமாக வந்தது.

“முதலிடம் வேற குடுத்தீங்க,” என்றான். “ஸ்கூல்ல ஓட்டப்பந்தயத்துலகூட நான் கடைசிதான்.”

இதற்கு அவள் சிரித்தே விட்டாள். பிறகு, சொல்லாமல் விட்டால் இந்தச் சிரிப்பே திருட்டாகிவிடும் என்று தோன்ற, காவலாளியின் முகத்தை ஒட்டியவள் தான்தான் என்று சொன்னாள். வயர் சுற்றிக்கொண்டிருந்த அவன் கை நின்றது.

“டீவியில அந்தப் படம் ஓடிச்சு. எங்க அக்கா மக என் மடியில உக்காந்திருந்தா. அவன் வந்ததும் திரும்பி என்னைப் பாத்தா. மாமா, நீங்க யாரையெல்லாம் கொன்னீங்கன்னு கேட்டா.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“டீவிய அணைச்சேன். ஆனா அவ மடியிலேருந்து எறங்கல... அது போதும்னு இருந்துட்டேன்.” வயரை மீண்டும் சுற்றத் தொடங்கி, “அந்த மொகம் ரொம்ப நல்லா இருந்துச்சுங்க. அதான் பிரச்சன,” என்றான்.

அன்று மாலை வீட்டுக்குப் போகும் பேருந்தில் அவள் தன் தரவரிசையை மீண்டும் விரல் மடக்கிப் பார்த்தாள். வாய், கண், மூக்கு, முதுகு, தோல்... விரலுக்கு ஒரு காயம்! உலகத்தில் உடம்பில் அடிபட்ட அத்தனை பேரையும் வரிசையில் நிறுத்தி, இவர்களே பேய்கள் என்று கைகாட்டிக்கொண்டு இருந்திருக்கிறாள். அதையும் பிடித்தவர்கள் என்று சொல்லிக்கொண்டு. அருகில் இருந்த பெண் உடம்பு சரியில்லையா என்று கேட்கும் அளவுக்கு அவள் முகம் வாடிப்போயிருந்தது.

அதன் பிறகு அவர்கள் பேசிக்கொண்டார்கள். தேநீர் வேளையில்... கூரைக்கு அடியில்... ஒதுங்க இடம் தந்த மழைக்கு நன்றி சொல்லிக்கொண்டு. பல்பு ஏதும் அணையாத நாளிலும் அவன் ஒப்பனை அறைக்கு வந்தான். அவன் வராத நாளில் அவளுக்கு வேலை ஓடவில்லை. தையல்கார அக்கா, இந்த அறைக்கு மட்டும் மின்சாரம் ஏன் இத்தனை முறை வந்து வந்து போகிறது என்று பொதுவாகக் காற்றைக் கேட்டாள்.

அந்த இனிப்பின் நடுவில்தான் டைரக்டர் அவளைத் தளத்துக்கு அழைத்தார். போட்டியாளரின் மாதிரி அவருக்குப் பிடிக்கவில்லையாம். நிமிர்ந்து பார்த்தார். உயரே, ஏணியில், அவன் விளக்கைத் திருப்பிக்கொண்டிருந்தான்.

“நாம பூமியெல்லாம் தேடிட்டிருக்கோம். இங்க ஏணி மேல நிக்குது பாரும்மா. அதே மாதிரி எனக்குச் செஞ்சு குடு. டைட்டில்ல உன் பேரு தனியா வரும்.”

தனியாகப் பெயர். எத்தனை ஆண்டுக் கனவு. முடியாது என்று சொல்ல வாய் திறந்தாள்... சொல் வரவில்லை. கண்முன் ஓர் இருண்ட அரங்கமும், அதில் ஒளிரும் தன் பெயரும் வந்து நின்றன. நீண்டநேரம் இல்லை. ஒரு பெருமூச்சின் அளவுதான். ஆனால் அதற்குள் அவன் ஏணியிலிருந்து இறங்கிவிட்டான்; அவள் மௌனத்தையும் பார்த்துவிட்டான்.

“அளவு எடுக்கணும்னா சொல்லுங்க மேடம்,” என்றான், எல்லோரும் கேட்க. “வந்து உக்காந்துக்கறேன்.”

மேடம். அந்த ஒரு சொல்லால் அவளைத் தள்ளி நிறுத்திவிட்டான். பிறகு தேநீர் வேளையில் அவனைக் காணவில்லை. அவள் கூப்பிட்டனுப்பியபோது, பல்பு ஏதாவது போயிருந்தால் மட்டும் சொல்லச் சொன்னான்.

மாதிரி காட்டும் நாள் வந்தது. காலையிலிருந்து ஒப்பனை அறைக் கதவு சாத்தியே இருந்தது. கடைசியில் அவள் நடிகரை அழைத்து வந்தபோது தளமே விழித்தது. முகத்தில் ஒரு கீறல் இல்லை. மழித்த கன்னம், படிந்த தலைமுடி, பார்த்தவுடன் நம்பத் தோன்றும் மெல்லிய புன்னகை. அந்தப் புன்னகை கண்வரை எட்டாதபடி இமையோரத்தில் மட்டும் நிழல் தீட்டியிருந்தாள்.

முகம் எங்கே என்று டைரக்டர் கேட்டார்.

“இதான் சார். பெல் அடிச்சா நாம கதவத் தொறந்து விட்டுருவோம். தப்பு பண்ணவன் யாரும் தீக்காயத்தோட வந்து எங்கிட்ட தப்பு பண்ணல சார். குளிச்சு, தலை சீவிட்டுதான் வந்தாங்க.” ஏணியைக் காட்டினாள். “அவரு மொகத்த என்னால செய்ய முடியாது. அன்னிக்கே சொல்லியிருக்கணும். சொல்லல. வெட்கமா இருக்கு.”

டைரக்டர் கெட்டவர் அல்லர், அவசரக்காரர். ரசிகர்கள் இதற்கெல்லாம் பயப்படமாட்டார்கள் என்றார். வேலை போட்டியாளருக்கே போயிற்று. ரசிகர்கள் என்று அவர் சொன்னது யாரை? உங்களை. என்னை.

அவள் பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தபோது அவன் வந்து வாசலில் நின்றான். கையில் பல்பு இல்லை. வெளியே தூறல்.

“பேர விட்டுட்டீங்களாமே.”

“என்ன நல்லவள்னு நெனச்சுராதீங்க. அன்னிக்கு ஒரு நிமிஷம் உங்க மொகத்துக்கு மனசுக்குள்ள வெல பேசிட்டேன். அது எனக்குத் தெரியும்... உங்களுக்கும் தெரியும்.”

“தெரியும்,” என்றான். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. அவள் அதைக் கேட்கவும் இல்லை.

“இன்னொன்னும் சொல்லணும்,” என்றாள், பசை காய்ந்த விரல்களைப் பார்த்துக்கொண்டு. “உங்களப் பிடிச்சிருக்கு. பாவப்பட்டு இல்ல. நீங்க வராத நாள்ல இந்த ரூம்ல எனக்கு ஒரு வேலையும் ஓடல. சொல்ல எனக்குத் தகுதி இருக்கான்னு தெரியல... சொல்லிட்டேன்.”

யாரிடம் பேசினாலும் தழும்பில்லாத பக்கத்தையே காட்டி நிற்பது அவன் வழக்கம். இப்போது முழுமுகமும் அவள் பக்கம் திரும்பியது.

“எனக்கும் பிடிச்சிருக்கு. நீங்க எதுவும் பேசாம நின்னப்ப அவ்ளோ வலிச்சுச்சே, அதுலதான் தெரிஞ்சுக்கிட்டேன். ஆனா பயமா இருக்குங்க... உங்க வீட்டுல யாராவது என்னப் பாத்தா, அவங்க மொகம் மாறுமே. அத நான் பாக்கணுமே.”

“அம்மாதான் மொதல்ல பாப்பாங்க,” என்றாள். “பயப்படுவாங்க. அப்பறம் வெட்கப்படுவாங்க. அதுக்கு நான் பக்கத்துலயே நிப்பேன்.”

அவன் பெட்டியின் ஒரு கைப்பிடியைப் பிடித்தான். மறு கைப்பிடியை அவள் பிடித்தாள். மழைக்குள் இறங்கினார்கள்.

படிக்கின்றவரே, சாட்சி சொல்லும் வேளை இது. மீண்டும் ஒரு படத்தில், இருளிலிருந்து ஒரு தழும்புள்ள முகம் வரும், மேளம் அதிரும், உங்கள் மடியில் இருக்கும் குழந்தை அலறும். அப்போது சும்மா இராதீர்கள். அந்தக் குழந்தையின் காதில் அங்கேயே சொல்லுங்கள், அந்த முகம் குற்றவாளி அல்ல என்று. எழுந்து வெளியே வாருங்கள். சீட்டு விற்றவரிடம் காரணத்தை உரக்கச் சொல்லுங்கள். தெருவில் அப்படி ஒருவர் எதிரே வந்தால் பார்வையைத் திருப்பாதீர்கள். கண்ணைப் பார்த்து வழக்கம்போல் பேசுங்கள். நாளைக்கு என்று தள்ளாதீர்கள். இன்றே.