அத்தியின் பின்பாதி

மனித குலத்துக்கு ஒரு முக்கிய அறிவிப்பு: பெயரில்லாமல் தவித்துக்கொண்டிருந்த ஓர் அத்தி மரத்துக்குப் பெயர் கிடைத்துவிட்டது. சூட்டியவர் தாவரவியல் பேராசிரியர். தன் பெயரைத் தானே சூட்டிக்கொள்வது அந்தத் துறையில் கௌரவமில்லை என்பதால், பெரிய மனது பண்ணி மனைவியின் பெயரைச் சூட்டினார்.

முதல் மனைவியின் பெயரை.

பெயர் அச்சேறிய வருடமே அவள் போய்ச் சேர்ந்தாள். மரம் மட்டும் செழித்தது.

இரண்டாமவள் பெட்டியோடு வந்து இறங்கிய மாலையில், கொல்லையில் அது வீட்டைவிட உயரமாக நின்றது. விழுந்து நசுங்கிய பழங்களின் புளித்த வாடை. அடிமரத்தில், அதன் லத்தீன் பெயர் பொறித்த பித்தளைத் தகடு.

"ஃபைகஸ்னா லத்தீன்ல அத்தி. அது முன்பாதி, எல்லா அத்திக்கும் பொது," என்று பேராசிரியர் வாசலிலேயே வகுப்பைத் தொடங்கினார். "பின்பாதிதான் அவ."

"செத்தும் அக்காவுக்குத்தான் மரியாதையா? பேரை மாத்துங்க."

"முடியாதும்மா. முதல்ல வெச்ச பேருதான் நிக்கும். உலகம் பூரா அதான் விதி."

"அப்ப எனக்கு?"

"உனக்குப் பழம் இருக்கே!"

அன்று முதல் அவள் வயிறு எரிந்தது. ஒருநாள் அவர் கல்லூரிக்குப் போனதும் தகட்டைக் கழற்றிச் சாக்கடையில் எறிந்தாள். கடையில் பொறித்து வாங்கிய தன் பெயர்த் தகட்டை அதே இடத்தில் முடுக்கினாள். துளையிலிருந்து வெள்ளைப் பால் வழிந்தது.

வெற்றிக்களிப்பில் ஒரு பழத்தைப் பிட்டாள். உள்ளே, இறக்கை பிய்ந்த குட்டிக் குளவி. அத்திக்குள் நுழைந்த பெண் குளவி வெளியே வராது என்று காலைச் சாப்பாட்டிலேயே வகுப்பு நடந்திருந்தது.

தட்டிவிட்டுத் தின்றாள்.

காற்றே இல்லை. இலைகள் அசைந்தன.

காதுக்குள் மெல்லிய ரீங்காரம். பிறகு மூச்சு. பிறகு, மிக நெருக்கத்தில், பொறாமையில் வெந்துபோன ஒரு பெண்குரல்.

"என் வீடு. என் புருஷன்."

திரும்பினாள்.

யாருமில்லை.

தகட்டின் மேல் மரப்பட்டை உதடுபோல் மூடிக்கொண்டிருந்தது. அவள் பார்க்கப் பார்க்க, அவள் பெயரின் கடைசி எழுத்தும் உள்ளே போயிற்று. மூடிய இடத்தில் பழைய பெயர் தழும்பாகப் புடைத்து எழும்பியது.

மாலையில் பேராசிரியர் செருப்பைக் கழற்றிக்கொண்டே, பழக்கதோஷத்தில் முதல் மனைவியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டார். நாக்கைக் கடித்துக்கொண்டு, விழப்போகும் அடிக்குக் காத்திருந்தார்.

"இதோ வந்துட்டேங்க," என்று சிரித்த முகமாக வந்தாள் அவள்.

வந்து நின்றதும் தன் சொந்தப் பெயர் என்னவென்று யோசித்தாள். வரவில்லை.

முதலில் வைத்த பெயரே நிற்கும், விதி அவ்வளவுதான்.