அறுபத்திரண்டு முடிச்சுகள்

லீமாவின் இடது கையில் இருந்த நீல வளையலை ஐந்தாம் வகுப்பு முழுவதும் பார்த்துவிட்டது. பார்க்கட்டும் என்றுதான் அவளும் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தாள்.

அது கண்ணாடி வளையல் இல்லை. நைலான் நூலில் முடிச்சு முடிச்சாகப் போட்டு அவளே செய்தது.

அவள் அப்பா ஏசுராஜ் மீன் பிடிப்பவர். வலையைச் சரிசெய்து முடித்ததும், மிஞ்சிய நூல்களை மணலிலேயே விட்டுவிட்டுக் கடலுக்குப் போய்விட்டார். அவற்றில் நீளமாக இருந்த நான்கை லீமா பொறுக்கிக்கொண்டாள். கால் கட்டைவிரலில் நூலை மாட்டி, முடிச்சுப் போட ஆரம்பித்தாள்.

முதலில் போட்டது பாம்பு மாதிரி முறுக்கிக்கொண்டது. பிரித்துவிட்டு மறுபடி போட்டாள். மறுபடியும் முறுக்கியது. மூன்றாம் நாள்தான் விஷயம் பிடிபட்டது. ஒரே பக்கமாக முடிச்சுப் போட்டால் முறுக்கிக்கொள்ளும். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று மாற்றிப் போட்டால் பட்டையாக வரும்!

யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவளே கண்டுபிடித்தாள். அப்போது அவள் போட்ட சத்தத்தில், வாசலில் மேய்ந்த கோழி கூரைமேல் ஏறிவிட்டது.

ஐந்து நாள் வேலை. மொத்தம் அறுபத்திரண்டு முடிச்சுகள்.

வெள்ளிக்கிழமை பள்ளியில் கைவேலைக் கண்காட்சி. முதல் நாளே சகாயமேரி டீச்சர் பொருள்களை வாங்கி வைத்துக்கொண்டிருந்தார். லீமா வளையலைக் கழற்றி நீட்டினாள்.

டீச்சர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரொம்ப அழகா இருக்குதே! எந்தக் கடையில வாங்குன?"

"வாங்கலை டீச்சர். நானே செஞ்சேன்."

முன்வரிசையில் இருந்த மெஹரூன்னிசா எழுந்தாள். "டீச்சர், இதே மாதிரி ஒண்ணை ஒரு வெள்ளைக்காரம்மா கையில பார்த்தேன். ஆரோவில்லேர்ந்து எங்க அத்தா கடைக்கு வந்திருந்தாங்க."

வகுப்பில் குசுகுசுவென்று பேச்சு கிளம்பியது.

"எங்கேயாவது கீழ கெடந்திருக்கும். இவ எடுத்துட்டு வந்திருப்பா!" என்றான் பின்வரிசை முருகையன்.

லீமாவுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

"சும்மா இரு முருகையா!" என்று டீச்சர் அதட்டினார். ஆனால் வளையலை லீமாவிடமே திருப்பிக் கொடுத்தார். "தப்பா நெனைக்காதம்மா. சொந்தமா செஞ்சதைத்தான் வைக்கணும்னு பெரிய டீச்சர் சொல்லியிருக்காங்க. சந்தேகம்னு வந்துட்டா வைக்க முடியாது."

அன்று சாயங்காலம் உப்பளத்தில் வேலை முடிந்து அம்மா இன்னாசிமேரி வீட்டுக்கு வந்தார். முழங்கால் வரை உப்பு பூத்திருந்தது. நடந்ததைக் கேட்டதும், காலைக்கூடக் கழுவாமல் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"என் பொண்ணா கீழ கெடந்ததை எடுப்பா? நாளைக்கு நான் வந்து கேக்கறேன்!"

"வேணாம்மா. நீ வந்து சொன்னா, பெத்தவ அப்படித்தான் பேசுவான்னு சொல்லிடுவாங்க."

"அப்ப இன்னொண்ணு செஞ்சு காட்டிடு."

"நூல் இல்லம்மா. தேடிப் பார்த்துட்டேன். எல்லாம் விரல் நீளத் துண்டுதான் இருக்குது."

சொல்லிவிட்டு லீமா தன் கை வளையலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

மறுநாள் காலை, மேசைகளின் மேல் களிமண் யானை, பனையோலை விசிறி, மெஹரூன்னிசா பூத்தையல் போட்ட கைக்குட்டை எல்லாம் வரிசையாக இருந்தன. லீமா நேராக டீச்சரிடம் போனாள்.

"டீச்சர், ஒரு ஓரமா நான் உக்காந்துக்கட்டுங்களா?"

"எதுக்கு?"

"இந்த வளையலைப் பிரிக்கப் போறேன். பிரிச்சுட்டு, எல்லாரும் பாக்க இங்கேயே மறுபடியும் செய்யறேன்."

"இவ்வளவு அழகா இருக்கிறதையா பிரிக்கப் போற?"

லீமா தலையாட்டினாள். டீச்சர் ஒரு பாயைக் கொண்டுவந்து விரித்தார்.

போட்டதைவிடப் பிரிப்பது கஷ்டமாக இருந்தது. வளையலோடு கடலில் குளித்ததில் முடிச்சுகள் எல்லாம் இறுகிப்போயிருந்தன. முதல் முடிச்சிலேயே நகம் மடங்கியது. லீமாவுக்குக் கண் கலங்கியது. குனிந்துகொண்டாள்.

அவள் மடியருகே ஒரு கை நீண்டது. கையில் ஒரு ஊக்கு.

"இதால நெம்பிப் பாரு," என்றாள் மெஹரூன்னிசா. பட்டன் போன சட்டைக் கையில் குத்தியிருந்த ஊக்கு அது. இப்போது அந்தக் கை தொளதொளவென்று தொங்கியது.

ஊக்கு நன்றாகவே நெம்பியது. ஒவ்வொன்றாக எல்லா முடிச்சுகளும் அவிழ்ந்தன. கடைசியில் லீமாவின் மடியில் நெளிநெளியாக நான்கு நூல்கள்தான் கிடந்தன.

"போச்சு!" என்றான் முருகையன்.

லீமா நூலைக் கால் கட்டைவிரலில் மாட்டினாள். இடப்பக்கம் ஒன்று. வலப்பக்கம் ஒன்று. இழுத்து இறுக்கினாள்.

"ஒண்ணு... ரெண்டு..." என்று யாரோ எண்ண ஆரம்பித்தார்கள். சுற்றிலும் கூட்டம் கூடியது. பத்தாவது முடிச்சு விழுந்தபோது எல்லாரையும்விட உரக்க எண்ணிக்கொண்டிருந்தது முருகையன்தான்.

டீச்சர் திரும்பிப் பார்த்தார். "மெஹரூன்னிசா, நேத்து நீ சொன்னது தப்புன்னு இப்பத் தெரியுதா?"

மெஹரூன்னிசாவின் முகம் சிறுத்துப் போனது.

"அவ பொய் சொல்லலை டீச்சர்," என்றாள் லீமா. "அந்தம்மா கையிலயும் ஒண்ணு இருந்திருக்கும். அதுக்கு அவ என்ன பண்ணுவா?" பிறகு மெஹரூன்னிசாவைப் பார்த்தாள். "ஏய், சும்மாதானே நிக்கிற? இந்த நடு நூலை இழுத்துப் புடி."

மெஹரூன்னிசா சட்டென்று பாயில் உட்கார்ந்து பிடித்துக்கொண்டாள்.

கண்காட்சியைப் பார்க்க வந்த கல்வி அதிகாரி நேராக அந்தக் கூட்டத்துக்குள் நுழைந்தார்.

"எல்லாரும் செஞ்சு முடிச்சதை வெச்சிருக்காங்க. நீ இப்பத்தான் ஆரம்பிக்கறியா?"

"இல்லைங்க சார். நான் எப்பவோ முடிச்சுட்டேன். இது ரெண்டாவது தடவை."

அதிகாரி சிரித்துவிட்டார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து, அவள் விரல்கள் போகிற வேகத்தையே பார்த்தார். "இருபத்தொண்ணு!" என்று பிள்ளைகளோடு சேர்ந்து அவரும் எண்ணினார்.

சகாயமேரி டீச்சர் அவசரமாக ஓர் அட்டையை எடுத்தார். மற்றப் பொருள்களுக்கு எழுதியது போலவே, "செய்தவர்: ஏ. லீமா, ஐந்தாம் வகுப்பு" என்று எழுதிப் பாயின்மேல் வைத்தார்.

லீமா அதைப் படித்தாள். "டீச்சர், இன்னும் நாப்பத்தொண்ணு பாக்கி இருக்குது."

டீச்சர் அட்டையைத் திரும்ப எடுத்தார். "செய்தவர்" என்பதை அடித்தார். அதற்கு மேலே பெரிய எழுத்தில், "செய்துகொண்டிருப்பவர்" என்று எழுதினார்.

லீமா நிமிர்ந்து உட்கார்ந்து, இருபத்திரண்டாவது முடிச்சைப் போட்டாள்.