கண்ணாடித் தடுப்பு

தொட்டியின் நடுவில் நிற்கவேண்டிய கண்ணாடித் தடுப்பு அன்று காலையும் வெளியே சுவரில் சாய்ந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. பெண் மீன் மேல்மூலையில் ஒடுங்கி நின்றது. வால் கிழிந்து நூல்நூலாய்த் தொங்கியது. ஆண் மீன் அவசரமே இல்லாமல் கீழே உலாவியது.

தொண்டைமானாற்றில் பிடித்த சோடி அது. வளர்ப்பவர் அருமைநாயகியின் புருஷன் தேவராசா, ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிற மாஸ்டர். கரவெட்டி முழுக்க அவரைத் தங்கமான மனிசன் என்றது. அவருக்கு முதலில் வாழ்க்கைப்பட்ட அக்கா சிவக்கொழுந்து கிணற்றில் விழுந்து செத்தாள். வருஷம் திரும்பி ஆட்டத்திவசம் முடிந்த கையோடு தங்கச்சி அருமைநாயகியையும் அவருக்கே கட்டிக்கொடுத்தார்கள். வேறு மாப்பிள்ளை தேடும் அலைச்சல் மிச்சம் என்று எல்லோருக்கும் சந்தோஷம். நாசமாய்ப் போன சந்தோஷம்.

அவர் அடிக்கிறவர் அல்ல. அவளுடைய சுண்டுவிரலைப் பின்புறமாக மடக்கிப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையில் மணிக்கூட்டை வைத்து, எத்தனை நிமிடம் சத்தம் போடாமல் இருக்கிறாள் என்று பார்ப்பார். பிறகு தொட்டிக்கு முன்னால் கதிரையில் அமர்ந்து கொப்பியில் எழுதுவார்.

அதனால்தான் பொய் சொன்னாள். மாதவிலக்குத் துடக்கு என்று சொல்லிப் பின்னறையில் பாயைப் போட்டு, உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். துடக்குக்காரி இருக்கும் அறைக்குள் எந்த ஆம்பிளையும் கால் வைக்கமாட்டான். பக்கத்து வீட்டுக்காரி வாசற்படியில் சோறு வைக்க வந்தபோது, புத்தூரில் இருக்கும் அண்ணன் நமசிவாயத்துக்குச் சொல்லி அனுப்பினாள். இன்று ஐந்தாம் நாள். மத்தியானத்துக்குள் அண்ணன் வண்டி கட்டிக்கொண்டு வந்துவிடுவான்.

தேவராசா குடையோடு பள்ளிக்கூடம் போய்விட்டார். தாழ்ப்பாளை நீக்கி வெளியே வந்த அருமைநாயகிக்கு அந்த மீனைப் பார்க்கப் பொறுக்கவில்லை. துடக்குக்காரி எதையும் தொடக்கூடாது என்றாலும், தடுப்பைத் தூக்கித் தொட்டிக்குள் இறக்கிவிட்டாள்.

சொன்ன பொய்யை ஒழுங்காக முடிக்கவேண்டும். துடக்குக் கழியத் தலைமுழுகாமல் அண்ணனின் வண்டியில் ஏறினால் ஊர் வாய் சும்மா இராது. வளவின் கோடியிலுள்ள கிணற்றடிக்குப் போனாள். நீர் இறைக்கும் துலா கிரீச்சிட்டுக்கொண்டே இருந்தது. அதைத் தவிர வேறொன்றும் காதில் விழவில்லை. தலையில் ஊற்றிய நீரின் குளிர் முதுகில் வழிய, ஐந்து நாளில் முதன்முறையாக அவளுக்கு அழுகை வரவில்லை.

ஈரத்தலையோடு வீட்டுக்குள் வந்தாள்.

தடுப்பு மறுபடியும் சுவரில் சாய்ந்திருந்தது.

நீர் சொட்டிக்கொண்டு.

மேல்மூலை வெறுமையாக இருந்தது. பெண் மீன் அடியில் சரிந்து கிடந்தது. ஆண் மீன் அதன் கண்ணைக் கொத்திக்கொண்டிருந்தது.

கதிரையில் கொப்பி திறந்திருந்தது. போன வருஷத்துத் தேதி.

"பெண். மூன்றாம் நாள். மூலையை விட்டு வரவில்லை. தீன் எடுக்கவில்லை."

"ஏழாம் நாள். தடுப்பு நீக்கப்பட்டது. பத்து நிமிடம்."

"ஒன்பதாம் நாள். தங்கச்சியின் பேரைச் சொல்லி அழுதது."

மீன் அழுமா? கொப்பியின் அடுத்த ஒற்றையைப் புரட்டினாள்.

"இரண்டாம் பெண். துடக்கு என்கிறது. நாள் கணக்குப்படி பொய். ஐந்து நாள் விட்டுப் பார்ப்பது."

மை இன்னும் காயவில்லை, அடுத்த வரியில்.

"இன்று முழுகிற்று."

"அண்ணை வந்தவர்," என்றது பின்னால் ஒரு குரல். தேவராசா வாசலில் குடையை மடக்கிக்கொண்டிருந்தார். "நீர் சுகமாயிருக்கிறீர், இப்பதான் முழுகிப்போட்டுப் படுத்தனீர் எண்டு சொன்னன். சந்தோஷமாத் திரும்பிப் போயிட்டார்."

ஓடினாள். பின்னறை. கதவை அறைந்து சாத்தினாள். கை தாழ்ப்பாளைத் தேடியது.

மரம்.

மரம் மட்டும்.

நாலு ஆணித்துளைகள். நிலத்தில் புது மரத்தூள்.

வெளியே கதிரையை இழுக்கும் சத்தம் வந்தது. தொட்டியடியிலிருந்து, மெல்ல, இந்தக் கதவுவரை. மணிக்கூட்டின் மூடி திறந்தது. கொப்பியில் ஒற்றை புரண்டது.

பிறகு கதவு, ஒரு விரலின் தள்ளலில், அவளை நோக்கித் திறக்கத் தொடங்கியது.